மாடிப்படிக்குக் கீழே ஒரு நோயாளி

கப்பற்காரர் சென்ற வாரம் நடுக்கடலிலிருந்து தம் மனைவியுடன் பேசினார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினார். அந்த ஒன்று இன்னதென்று சொல்வதற்குள் இணைப்பு அறுந்துபோயிற்று. மறுபடி அவர் அழைக்கவும் இல்லை. அந்த வாக்கியத்தின் மீதிப் பாதிக்காக நம்மைப் போலவே அவர் மனைவியும் காத்திருக்கிறார்.

மனைவியைத் தெருவில் எல்லாரும் டாக்டரம்மா என்றே அழைப்பார்கள். பல் மருத்துவர். கிளினிக்கை மூடிய பின்னர், தலை நரைத்த பருவத்தில், கணினிப் பாடத்தை முதற் பக்கத்திலிருந்து கற்றுத் தேறியவர். தேறியதற்குச் சான்றாக மாடிப்படிக்குக் கீழே, செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில், ஒரு கறுப்புப் பெட்டி ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. அதுதான் அந்த வீட்டின் சர்வர்.

வீட்டிலுள்ள ஒவ்வொரு கைப்பேசிக்கும் கணினிக்கும் ஒரு முகவரி கொடுப்பது அதன் முதல் வேலை. அந்த முகவரி இன்றி எதுவும் இணையத்தின் வாசலைத் தாண்ட இயலாது. குடும்பத்தின் படங்களும் பதிவுகளும் அதன் வயிற்றில்தான் இருந்தன. அறைதோறும் சுவரில் மாட்டியிருந்த ஸ்பீக்கர்களைப் பேசவைப்பதும் அதுவே.

அந்த வாரம் ஸ்பீக்கர்கள் வழக்கத்தை விட அதிகமாகப் பேசின. காரணம், மகள்.

புத்தகங்களை ஒலிநூலாக வாசித்துக் கொடுப்பது மகளின் தொழில். அவளுடைய குரல் நாண்களில் முடிச்சுகள் தோன்றியிருப்பதாகவும், ஆபரேஷன் முடியும்வரை ஒரு சொல்லும் பேசலாகாதென்றும் தொண்டை மருத்துவர் கூறிவிட்டார். ஆதலால் அவள் கைப்பேசியில் தட்டுவாள். ஸ்பீக்கர் அதை இழுவையான இயந்திரக் குரலில் ஒப்பிக்கும். வாய்தான் மூடியதே தவிர வாய்த்துடுக்கு மூடவில்லை.

அன்று காலையும் அப்படித்தான்.

"ம்மா, காபியில சர்க்கரையே இல்ல," என்றது சமையலறை ஸ்பீக்கர்.

"சர்க்கரை பல்லுக்கு ஆகாது. குடி," என்று டாக்டரம்மா மாடியை நோக்கிக் குரல் கொடுத்தார்.

"உனக்கும் வயசாகுது, உன் பெட்டிக்கும்..."

வாக்கியம் அந்த இடத்திலேயே நின்றது. மாடிப்படிக்குக் கீழே உறுமலும் நின்றது. அடுத்து ஓர் ஓசை மட்டும் கேட்டது: டக். சிறிது இடைவெளி. மீண்டும் டக்.

டாக்டரம்மா அடுப்பை அணைத்தார்.

மாப்பிள்ளை கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி முன்னறையிலிருந்து வந்தார். பிறருடைய கோப்புகளைத் தன் கணினிகளில் வைத்துக் காக்கும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே பார்ப்பார்.

"அத்தை, வைஃபை காட்டுது. ஆனா நெட் வரல."

"வைஃபை காட்டும் மாப்ள. தபால்காரர் தெருவுல நிக்கறாரு. வீட்டுக்குத்தான் நம்பர் இல்ல."

"நான் அப்பவே சொன்னேனே, எல்லாத்தையும் எங்க கிளவுட்ல ஏத்திடலாம்னு."

"உங்க கிளவுட் எங்கயோ இருக்கு. என் பல்லு என் வாய்லயே இருக்கட்டும்."

மாப்பிள்ளை சிரித்தார். இந்த வழக்கு அவர்களுக்குள் நெடுநாளாக நடந்து வருவது. தீர்ப்பு வந்துவிடக் கூடாது என்று இருவருமே நினைப்பதாகத் தோன்றும்.

ஆனால் மகள் சிரிக்கவில்லை. படிகளில் தடதடவென்று இறங்கி வந்தவள், குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த வெள்ளைப் பலகையை உருவினாள். எழுதினாள். தாயின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"கடைசி அத்தியாயம்?"

அவள் அப்போது வாசித்துக்கொண்டிருந்தது ஒரு பெரிய நாவல். மற்ற அத்தியாயங்கள் யாவும் பதிப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. கடைசி அத்தியாயத்தைக் குரல் உடைவதற்கு முந்தைய மாலையில், வெளிச் சத்தம் நுழையாமலிருக்கக் கம்பளி தொங்கவிட்ட மாடி அலமாரிக்குள் உட்கார்ந்து பதிவு செய்தாள். அது நேராக இந்தப் பெட்டிக்குள்தான் போய்ச் சேர்ந்தது. கேட்டுத் திருத்தி இன்று மாலை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் முழு நாவலையும் வேறொரு குரலில் மறுபடி பதிவு செய்வதென்று பதிப்பகத்தார் பணிவாகவும் திட்டவட்டமாகவும் சொல்லியிருந்தார்கள். மறுபடி வாசித்துக் கொடுக்கத் தொண்டை இல்லை. ஆபரேஷனுக்குப் பின்னர் குரல் பழையபடியே இருக்குமா என்பதற்கு எந்த மருத்துவரும் உறுதி தரவில்லை.

"அதுக்கு ஏன்டி இப்படி முழிக்கற? எல்லாத்துக்கும் பேக்கப் இருக்கு," என்றார் டாக்டரம்மா.

சொல்லி முடித்த மறு கணமே அவர் பார்வை மாடிப்படிக்குக் கீழே போயிற்று.

நடந்தது இது. பெட்டி தளர்ந்துவருவதை டாக்டரம்மா சில மாதங்களாகவே அறிவார். பல் பிடுங்கிய நோயாளிக்குச் சில நாள் மென்மையான உணவு மட்டும் கொடுக்கச் சொல்வதைப் போல, அவர் அந்தப் பெட்டியின் வேலைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துவந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் ஸ்பீக்கரில் அறிவிக்கும் வேலையை முதலில் நிறுத்தினார். தோட்டத்துக் கேமராவை நிறுத்தினார். பின்னர், எது பெட்டியை அதிகம் சூடாக்குகிறது என்று ஆராய்ந்து, அதையும் நிறுத்தினார்.

அதிகம் சூடாக்கியது, கோப்புகளுக்கு நாள்தோறும் நகலெடுத்து வைக்கும் பேக்கப்.

"அத்தை?" என்றார் மாப்பிள்ளை. "ஏன் அந்தப் பெட்டியையே பாக்கறீங்க?"

"பேக்கப்ப நான் நிறுத்தி வெச்சிருந்தேன்."

"எப்போலேர்ந்து?"

"இவ கடைசி அத்தியாயம் படிக்கறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிலேர்ந்து. பெட்டி ரொம்பக் கஷ்டப்படுதேன்னு பாத்தேன்."

மகளின் வாய் திறந்தது. மார்பு விம்மி மூச்சை இழுத்தது. கத்தப்போகிறாள் என்பதைக் கண்ட டாக்டரம்மா ஒரே எட்டில் பாய்ந்து அவள் வாயைத் தம் உள்ளங்கையால் பொத்தினார்.

"திட்டு. நல்லாத் திட்டு. ஆனா எழுதித் திட்டு. இந்தத் தொண்டையால மட்டும் வேணாம்டி, கண்ணு."

உள்ளங்கைக்குள் சூடான மூச்சு அடித்தது. பிறகு மெல்லத் தணிந்தது. மகள் கையை விலக்கினாள். பலகையைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, பெரிய எழுத்தில் எழுதினாள்.

"கிளினிக்ல ஒரு பேஷன்ட்டுக்கு இப்படிப் பண்ணுவியா?"

டாக்டரம்மா அதை இரண்டு முறை படித்தார்.

"பண்ண மாட்டேன்," என்றார். "நகருங்க ரெண்டு பேரும். கிளினிக்ல பண்றதை இப்போ பண்றேன்."

அவர் மாடிக்குப் போய்த் திரும்பியபோது நெற்றியில் விளக்குப் பட்டை கட்டியிருந்தார். கையில் எஃகுத் தட்டு. தட்டில் திருப்புளி, பஞ்சு, நீண்ட காம்பு வைத்த சிறு வட்டக் கண்ணாடி. எத்தனையோ வாய்களுக்குள் போய்வந்த கண்ணாடி அது. செருப்புகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அந்தக் கணம் முதல் அவர் முகத்தில் கலக்கம் இல்லை.

மாப்பிள்ளை குனிந்து நின்றார். "டக் டக்னு அடிச்சா ஹார்டு டிஸ்க் செத்துடுச்சுன்னு அர்த்தம் அத்தை. எனக்குத் தெரிஞ்ச கடை ஒண்ணு இருக்கு. செத்த டிஸ்க்லேர்ந்தும் எடுத்துக் குடுப்பாங்க."

"எப்போ குடுப்பாங்க?"

"ஒரு வாரம் ஆகலாம்."

"எனக்கு நாலு மணிக்கு வேணும்."

"வேற என்ன பண்ண முடியும்?"

"வலிக்குதுன்னு காட்டற பல்லையே பிடுங்கறவளா இருந்தா, நான் என்னிக்கோ கடையை மூடியிருப்பேன் மாப்ள."

வலி எங்கே இருக்கிறதோ, நோய் அங்கேதான் இருக்க வேண்டும் என்பதில்லை. மேல் கடைவாயைப் பிடித்துக்கொண்டு அலறி வருவார்கள். சொத்தை கீழ்ப் பல்லில் இருக்கும். இந்தப் பாடத்தை டாக்டரம்மா எந்தக் கணினிப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பெட்டியின் ஸ்விட்சை அணைத்து, பக்கத் தகட்டைக் கழற்றி, கோப்புகள் குடியிருக்கும் ஹார்டு டிஸ்க்கின் மேல் இரு விரல்களை நாடி பிடிப்பதுபோல் வைத்தார்.

"ஒரே ஒரு தடவை ஸ்விட்சைப் போடுங்க. நான் சொன்ன உடனே அணைச்சிடணும். திரும்பத் திரும்பப் போட்டா உள்ள கீறிடும்."

மாப்பிள்ளை போட்டார். விசிறி எழுந்தது. விரலுக்குக் கீழே டிஸ்க் சுழலத் தொடங்கியது. சுழற்சி வேகம் பிடிக்கும் தறுவாயில், பெட்டியின் முகப்பில் எரிந்த பச்சை விளக்கு ஒரு கணம் மங்கியது. விசிறியும் தயங்கியது. அதற்குப் பிறகே அந்த ஓசை வந்தது. டக்.

"அணைங்க!"

அவர் நிமிர்ந்தபோது கண்கள் பளபளத்தன. "பாத்தீங்களா? முதல்ல விளக்கு மங்குது. அப்புறம்தான் டக். டிஸ்க் எழுந்திருக்கத்தான் பாக்குது. யாரோ காலை வாரி விடறாங்க."

"யாரு?"

"கரன்ட் குடுக்கறவன்."

பெட்டியின் பின்மூலையில் பவர் சப்ளை தனியொரு தகரக் கூட்டுக்குள் இருந்தது. செருகியைப் பிடுங்கிய பின்னும் அதனுள்ளே மின்சாரம் மிச்சமிருக்குமென்று அவர் படித்திருந்தார். ஆகவே கூட்டைத் திறக்கவில்லை. நெற்றி விளக்கைச் சாய்த்து, வட்டக் கண்ணாடியைக் காற்றுத் துளைக்கு எதிரே சரித்துப் பிடித்து, உள்ளே எட்டிப் பார்த்தார். மின்சாரத்தைத் தேக்கிக் கொடுக்கும் சிறு உருளைகளாக வரிசையில் நின்ற கண்டென்சர்களில் சிலவற்றின் தலை தட்டையாக இல்லை. உப்பி, வெடித்து, பழுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தது.

"சீழ் கட்டியிருக்கு," என்றார். அவர் குரலில் இருந்தது ஏறத்தாழ மகிழ்ச்சிதான். "வாங்க, நீங்களும் பாருங்க."

மாப்பிள்ளை மண்டியிட்டுப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"அப்போ டிஸ்க் உயிரோட இருக்கலாம்," என்றார் மெதுவாக.

"இருக்கலாம். சத்தியம் பண்ண மாட்டேன்."

மகள் பலகையை நீட்டினாள். "சத்தியம் பண்ணு." அதற்குக் கீழே, அவசரமாக: "ப்ளீஸ்."

டாக்டரம்மா அவள் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாரே தவிர, சத்தியம் பண்ணவில்லை.

"நான் வண்டியை எடுத்துட்டுப் போய் ஒரு புது பவர் சப்ளை வாங்கிட்டு வந்துடறேன் அத்தை. மாட்டினா இந்தப் பெட்டியே எழுந்துடும்."

நியாயமான யோசனை. டாக்டரம்மாவின் கை பெட்டியின் மேல் இருந்தது. அவர் தாமே வாங்கி, தாமே பூட்டி, தாமே பாடம் பயின்ற பெட்டி. அது எழுந்துவிட்டால் இன்னும் ஓராண்டு உறுமும். அந்த ஓராண்டில் இன்னும் எந்தெந்த வேலைகளை அதற்காக நிறுத்திவைப்போம் என்று அவர் எண்ணிப் பார்த்தார்.

"வேணாம். இதை எழுப்பினா மறுபடி இதுக்கு ஊட்டி விட ஆரம்பிச்சிடுவேன். அந்தச் சின்ன டப்பாவை எடுத்துட்டு வாங்க."

சின்ன டப்பா என்பது புதிய சர்வர். உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்த அளவுதான் இருக்கும். விசிறி இல்லை, சத்தம் இல்லை. மகளின் நச்சரிப்பு பொறுக்காமல் வாங்கியது. 'நல்ல நேரம் பார்த்து மாற்றலாம்' என்று டாக்டரம்மா சொல்லிச் சொல்லியே, ஒட்டுத்தாள் பிரிக்காமல் அலமாரியின் உச்சியில் கிடந்தது. 'அப்புறம் வரேன் டாக்டர்' என்று நழுவிய நோயாளிகளை இதே வாயால்தான் அவர் வறுத்தெடுத்திருக்கிறார்.

மாப்பிள்ளை அட்டைப் பெட்டியைப் பிரித்தார். மகள் பலகையில் எதுவும் எழுதாமல் இருந்தாள். அவளுடைய புருவங்களே போதுமான அளவு எழுதின.

"தெரியும்டி. சொல்லாத," என்றார் தாய்.

அடுத்து ஒரு சிக்கல். பழைய டிஸ்க் செங்கல் பருமன். புதிய டப்பாவுக்குள் அது நுழையாது. நுழைந்தாலும் அதைச் சுழற்றும் வலு டப்பாவுக்கு இல்லை. டாக்டரம்மா உதட்டைக் கடித்தார். இந்த ஒன்றை அவர் முன்கூட்டி எண்ணவில்லை.

மாப்பிள்ளை முன்னறைக்குப் போனார். ஆபீஸ் பையோடு திரும்பி வந்தார். பைக்குள்ளிருந்து தொட்டில் போன்ற ஒரு சாதனத்தை எடுத்து வைத்தார். அதற்கென்று தனியாக ஒரு மின்கம்பி இருந்தது.

"டிஸ்க்கை நிக்க வைக்கற ஸ்டாண்டு அத்தை. கரன்ட் இதுவே குடுத்துடும். கஸ்டமருங்க பழைய டிஸ்க்கைக் கொண்டு வருவாங்க. இதுல வெச்சுத்தான் கிளவுட்டுக்கு ஏத்துவோம்."

"அட! அப்போ உங்க கிளவுட்டும் தரையிலேர்ந்துதான் ஏறுதா?"

"எல்லாம் தரையிலேர்ந்துதான் அத்தை," என்றார் மாப்பிள்ளை.

அன்று காலை முதன்முறையாக டாக்டரம்மா அவரை மருமகனாக அல்லாமல் உடன் பணியாற்றும் மருத்துவராகப் பார்த்தார்.

டிஸ்க்கைக் கழற்றினார். நான்கு திருகு. இரண்டு கம்பி. முனைகளைப் பஞ்சால் ஒற்றினார். தொட்டிலில் நிறுத்தி, தொட்டிலையும் ஒரு திரையையும் புதிய டப்பாவோடு இணைத்தார். ஸ்விட்சின் மேல் விரலை வைத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"கேக்காத மாதிரி காதைப் பொத்திக்கோ வேணும்னா."

மகள் மறுத்துத் தலையாட்டினாள்.

ஸ்விட்ச். டிஸ்க் முனகியது. வேகம் பிடித்தது. எந்த இடத்தில் அந்த ஓசை வர வேண்டுமோ அந்த இடத்தை மூவரும் மூச்சுவிடாமல் கடந்தார்கள். ஓசை வரவில்லை. வண்டு ரீங்கரிப்பதுபோல் ஒரே சீராக அது சுழன்றது.

திரையில் கோப்புகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. கடைசி அத்தியாயமும் இருந்தது.

மாப்பிள்ளை, "அப்பாடா! திறந்து பாக்கலாமா?" என்றார்.

"தொடாதீங்க! முதல்ல நகல். அதுக்கும் ஒரு நகல். அப்புறம்தான் கேக்கறது."

தவறு செய்த இடத்திலிருந்தே அவர் தொடங்கினார். புதிய டப்பாவுக்கு ஒன்று, மாப்பிள்ளையின் மடிக்கணினிக்கு ஒன்று. நகலெடுக்கும் நேரம் நத்தையாக ஊர்ந்தது. மதியம் சாப்பிட உட்காரவில்லை. ஆளுக்கொரு துண்டு ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார்கள். முடிந்ததும், மகள் செவிகளை மூடும் தன் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். குரல் அவளுக்கு மட்டும் கேட்டது. தாய்க்குக் கேட்டதெல்லாம் அவள் முகம்தான்.

முகம் முதலில் கல்லாக இருந்தது. பிறகு புருவம் ஒரு வாக்கியத்துக்கு உயர்ந்தது. பிறகு உதடுகள், சத்தமில்லாமல், தன் குரலோடு தானும் சேர்ந்து அசைந்தன. இறுதியில் கண்ணை மூடினாள். ஒரு துளி வழிந்தது. துடைக்கவில்லை.

"முழுசா இருக்கா? நடுவுல எங்கயாவது விட்டுப்போயிருக்கா?"

இல்லை என்று தலையாட்டினாள் மகள். பலகையில் எழுதினாள்: "ஒரு மூச்சுகூட விட்டுப்போகல."

டாக்டரம்மா படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார். நிம்மதி வந்தது. நிம்மதிக்குப் பின்னாலேயே வேறொன்றும் வந்தது.

அந்த அத்தியாயம் பதிவான மாலையில்தான் கப்பற்காரர் பேசினார். மாடியில் பதிவு நடக்கிறதே என்று தாம் ரகசியக் குரலில் பேசியது அவருக்கு நினைவிருந்தது.

"மாப்ள, அன்னிக்கு மாமா பேசி கட் ஆச்சே, அந்நேரம் நீங்க மீட்டிங்லதானே இருந்தீங்க?"

"ஆமா அத்தை. ரெண்டு மணி நேர மீட்டிங். தலைவலியே வந்துடுச்சு."

"நடுவுல ஒரு தடவையாவது அறுந்துதா?"

"இல்லையே. அறுந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன்."

அப்படியானால் பெட்டி குற்றவாளி அன்று. இந்த வீட்டின் பக்கம் எதுவும் அறுபடவில்லை. கடல் அறுத்திருக்கலாம். கடல் அறுக்கவில்லையானால்... அந்த நினைவை அவர் அதற்கு மேல் நடக்க விடவில்லை. நான்கு மணி நெருங்கிக்கொண்டிருந்தது.

"பழைய பெட்டியோட எல்லாக் கம்பியையும் பிடுங்கிடுங்க. ஒரே வீட்டு நம்பருல ரெண்டு பேர் இருக்கக் கூடாது."

மாப்பிள்ளை பிடுங்கினார். டாக்டரம்மா பழைய பெட்டியின் முகவரியைப் புதிய டப்பாவுக்குச் சூட்டினார். கேபிளைச் செருகினார். அது வழுக்கி வெளியே வந்தது. மீண்டும் செருகினார். மீண்டும் வந்தது. கேபிளின் முனையில் கவ்விப் பிடிக்கும் சிறு பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தது.

"இப்பப் போயா! நான் கடைக்கு..." என்று எழுந்தார் மாப்பிள்ளை.

"உக்காருங்க." டாக்டரம்மா எஃகுத் தட்டின் மூலையிலிருந்து ஒரு பொடி ரப்பர் வளையத்தை எடுத்தார். தெற்றுப் பல்லுக்குக் கம்பி கட்டும்போது மாட்டும் வளையம். கேபிளின் கழுத்தில் ஒரு சுற்று, டப்பாவின் விளிம்பில் ஒரு சுற்று. இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. "எத்தனையோ முரட்டுப் பல்லை இழுத்து வெச்ச ரப்பர். ஒரு கம்பியையா விட்டுடும்?"

ஒரு நிமிடம் எதுவும் நடக்கவில்லை. பிறகு மாப்பிள்ளையின் பையில் கைப்பேசி கிணுகிணுத்தது. மாடியில் ஒன்று கிணுகிணுத்தது. வீடு முழுவதும் சாதனங்கள், உறக்கம் கலைந்தாற்போல், ஒவ்வொன்றாக முகவரி கேட்டு வாங்கிக்கொண்டன.

சமையலறை ஸ்பீக்கர் தொண்டையைச் செருமியது. காலையில் அறுந்துபோன வாக்கியம் மகளின் கைப்பேசியில் இத்தனை நேரம் காத்துக்கிடந்தது போலும். இப்போது முழுதாக வந்தது.

"உனக்கும் வயசாகுது, உன் பெட்டிக்கும் வயசாகுது. பெட்டியை மட்டும் மாத்தினா போதும்."

டாக்டரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வேர்வை," என்றார், யாரும் கேட்காமலே.

கடைசி அத்தியாயம் நான்கு மணிக்குச் சற்று முன்னதாகப் பதிப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பெற்றுக்கொண்டோம், மிக்க நன்றி, வேறு குரல் தேடப்போவதில்லை என்று பதில் வந்தது. மகள் அதைத் தாயின் கன்னத்தில் ஒரு முத்தத்தால் மொழிபெயர்த்துக் கொடுத்தாள்.

இனி மிச்சமிருந்தது சில்லறை வேலைதான். முன்பு நிறுத்திவைத்தவற்றை எல்லாம் டாக்டரம்மா புதிய டப்பாவில் திரும்பத் தொடங்கினார். முதலில் பேக்கப். மகளைச் சாட்சிக்கு நிற்கவைத்தே தொடங்கினார். பிறகு தோட்டத்துக் கேமரா. டப்பா சூடாகவும் இல்லை, முனகவும் இல்லை. முதன்முதலில் எதை நிறுத்தினாரோ, அது கடைசியாக வந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அறிவிக்கும் வேலை. வீட்டாரில் ஒருவரின் கைப்பேசி வைஃபையில் சேர்ந்தால் ஸ்பீக்கர் அறிவிக்கும். கணினி கற்ற புதிதில் அவர் தாமாகச் செய்துபார்த்த முதற் பயிற்சி அது.

அதைத் தொடங்கிவைத்து, தம் கைப்பேசியின் வைஃபையை ஒரு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தார்.

"அம்மா வந்தாச்சு!"

மூவரும் திடுக்கிட்டார்கள். அது இயந்திரக் குரல் அன்று. மகளின் குரல். கல்லூரிக் காலத்தில், தாயின் பயிற்சிக்காக, சிரிப்பை அடக்க மாட்டாமல் அவள் பதிவுசெய்து கொடுத்தது. முடிச்சு விழாத, தெளிந்த குரல். பல நாட்களாக அந்த வீடு கேளாத குரல்.

மகள் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"எனக்கு இல்லையா அத்தை?" என்றார் மாப்பிள்ளை, அவள் கவனத்தைத் திருப்புவதற்காக.

"அப்போ நீங்க இந்த வீட்டுக்கே வரலையே மாப்ள. அம்மா, அப்பா, ரெண்டுதான் பதிஞ்சா."

மகள் கைப்பேசியில் தட்டினாள். இயந்திரக் குரல் தன் இழுவையோடு சொன்னது: "ஆபரேஷன் முடிஞ்சதும் உங்களுக்கும் பதியறேன். என் குரல்லயே."

மாப்பிள்ளை அவள் தலையில் கை வைத்தார். டாக்டரம்மா தட்டில் கருவிகளை அடுக்கத் தொடங்கினார். பழைய பெட்டியை எங்கே வைப்பது, அதன் எலும்புக்கூட்டில் ஏதேனும் உதவுமா என்று யோசித்தபடி வட்டக் கண்ணாடியைத் துடைத்தார்.

"அப்பா வந்தாச்சு!"

கண்ணாடி தட்டில் விழுந்து கணீரென்றது.

அதே இளங்குரல். அதே சிரிப்பு. சமையலறையிலும் கூடத்திலும் மாடியிலும் ஒரே சமயத்தில்.

"ஏதோ தப்பா சொல்லுது," என்றார் மாப்பிள்ளை. "மாமா கப்பல் கரைக்கு வர இன்னும் ரெண்டு மாசம் இருக்கே."

டாக்டரம்மா தட்டை ஒதுக்கினார். திரையைத் தம் பக்கம் திருப்பினார். தவறு இல்லை. கப்பற்காரர் எங்கு போனாலும் சட்டைப்பையை விட்டு எடுக்காத அந்தப் பழைய கைப்பேசிதான். முகவரி கேட்டிருக்கிறது, புதிய டப்பா கொடுத்திருக்கிறது. பகல் முழுவதும் கேட்டிருந்தாலும் கொடுப்பதற்கு இங்கே ஆள் இருந்திருக்கவில்லை.

"சிக்னல் முழுசா காட்டுது மாப்ள," என்றார். "கேட்டைத் தாண்டினாலே ஒரு கோடு குறையும்."

மகளின் உதடுகள் பிரிந்தன. தாய் விரலை உயர்த்தினார்: வேண்டாம். மகள் கைப்பேசியில் தட்டினாள்.

"காலிங் பெல்லும் உன் சர்வர்லதான் ஓடுதா?" என்று கேட்டது ஸ்பீக்கர்.

"இல்லடி. அது வெறும் கம்பி. அழுத்தினா அடிக்கும்."

மூவரும் வாசற்கதவைப் பார்த்தார்கள். கதவின் கீழ் இடுக்கில், மாலை வெயிலை மறித்துக்கொண்டு, இரு பாதங்களின் நிழல் அசையாமல் நின்றது.

மணி அடிக்கவில்லை.